வீட்டுச் சமையலறையிலிருந்து உணவு விற்பனை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பொடி, ஊறுகாய், முறுக்கு, மாவு, மதியச் சாப்பாடு என வீட்டில் செய்து விற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பெயரிலும் லோகோவிலும்தான் தொடங்குகிறார்கள். ஆயிரம் ஸ்டிக்கர் அச்சடித்து வந்த பிறகுதான் பதிவு எண் இல்லை, கெடு தேதி (பொருள் கெடாமல் இருக்கும் கடைசி நாள்) இல்லை, அடிக்குறிப்பில் இருக்கும் வீட்டு முகவரியும் பதிவு முகவரியும் வேறு என்பது தெரியவருகிறது. அந்த ஆயிரமும் குப்பைக்குப் போகும். பொருள், சமையலறை, பதிவு, தராசு, கெடு சோதனை, பொட்டலம், அதன் பிறகு லேபிள் என்ற வரிசையில் போனால் பணமும் மிஞ்சும், மனமும் தளராது. இங்கே சொல்லப்படுவது தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து செய்பவர்களுக்கான வழி.

1. எதை விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

பதிவில் தேர்ந்தெடுக்கும் தொழில் வகையும், கெடு தேதியும், பொட்டலமும் பொருளைப் பொறுத்தே மாறும். அதனால் "எல்லாம் செய்வோம்" என்று தொடங்க வேண்டாம். இரண்டு அல்லது மூன்று பொருள் போதும்.

ஈரம் குறைந்த பொருள்கள் தொடக்கத்துக்கு ஏற்றவை. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, சாம்பார் பொடி, வற்றல், வடகம் ஆகியவற்றில் கிருமி வளரத் தேவையான நீர் இல்லை. முறுக்கு, தட்டை, சீடையும் அப்படியே. ஆனால் அவற்றில் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதுதான் எதிரி.

எண்ணெய் ஊறுகாயும் தொக்கும் அடுத்த படி. புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்துதான் அவற்றைக் காக்கின்றன. இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்தால் மற்ற இரண்டையும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். "உப்பு குறைத்த ஊறுகாய்" கேட்கும் வாடிக்கையாளருக்காக உப்பை மட்டும் குறைத்தவர்கள் பத்தே நாளில் பூசணத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இட்லி மாவு, சாப்பாடு, தேங்காய் சேர்ந்த எல்லாப் பொருள்களும் அன்றன்றைய விற்பனைக்கானவை. குளிர்ச்சியோ சூடோ விடாமல் காக்க வசதி இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

தொடக்கத்திலேயே தள்ளி வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைத்து விற்கும் குழம்பு, கிரேவி, வதக்கிய பூண்டு விழுது போன்றவை. புளிப்பு குறைந்த, ஈரமான பொருளைக் காற்றில்லாமல் அடைத்தால் போட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு வசதியாகிவிடும். வீட்டுக் குக்கரில் அதை நம்பகமாக அழிக்க முடியாது. மற்றொன்று, கைக்குழந்தைக்கான சத்துமாவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டின் குழந்தை உணவுச் சட்டம் தடை செய்கிறது. "6 மாதக் குழந்தைக்கு ஏற்றது" என்று இன்ஸ்டாகிராமில் போடும் ஒரு படமே அதில் சிக்கவைக்கும். பெரியவர்களுக்கான சத்துமாவு விற்கலாம், தடையில்லை.

2. விண்ணப்பத்துக்கு முன் சமையலறை

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆய்வுக்கு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் பார்ப்பது உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் சிறு வணிகர்களுக்காகச் சொல்லப்பட்ட சுகாதார நடைமுறைகளை. விலையுயர்ந்த ஸ்டீல் மேடை எதுவும் கட்டாயமில்லை. கீழே இருப்பவை போதும்.

தண்ணீர்: ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்திலோ அங்கீகாரம் பெற்ற தனியார் கூடத்திலோ சோதித்து அறிக்கை வாங்குங்கள். மாவு, ஊறுகாய் செய்பவர்களுக்கு இது முதல் செலவாக இருக்கட்டும். மாவு புளித்து உப்புவதற்குப் பதில் நாறுகிறது என்றால் பாதி நேரம் தண்ணீர்த் தொட்டிதான் காரணம்.

நேரப் பிரிவு: தனிச் சமையலறை இல்லாதவர்கள் நேரத்தைப் பிரிக்கலாம். வீட்டுச் சமையல் முடிந்து, மேடையைத் துடைத்து, அதன் பின் விற்பனைக்கான வேலை. மீன், கறி வெட்டிய பலகையும் கத்தியும் அந்த நேரத்தில் வெளியே இருக்கக் கூடாது. விற்பனைக்கான மிக்ஸி ஜார், கரண்டி, துணி எல்லாம் தனி. வீட்டு மிக்ஸி ஜாரில் ஒட்டியிருக்கும் ஈரமான இஞ்சி பூண்டு விழுதின் ஒரு துளி போதும், ஒரு கிலோ பொடி கெட.

எரிவாயு: வீட்டு மானியக் கணக்கில் வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்துவது எரிவாயு வழங்கல் ஆணைப்படி தவறு. 19 கிலோ வணிக சிலிண்டருக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். இதைத் தள்ளிப்போடுபவர்கள் மிக அதிகம். விலைக் கணக்கும் இதனால்தான் பின்னால் உடைகிறது.

உடல்நலம்: சமைப்பவர், பொட்டலமிடுபவர் அனைவருக்கும் பதிவு பெற்ற மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்று, டைபாய்டு தடுப்பூசி. வாந்தி, வயிற்றுப்போக்கு, கையில் புண் இருக்கும் நாளில் விற்பனைக்கான வேலையில் கை வைக்கக் கூடாது. ஆர்டர் தள்ளிப்போகட்டும்.

பூனையும் நாயும் வேலை நேரத்தில் சமையலறைக்கு வெளியே. மூடியுள்ள குப்பைத் தொட்டி, ஜன்னலுக்கு வலை, தரையிலிருந்து உயர்த்திய அலமாரியில் மளிகை. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் ஒரு சம்மதக் கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள். அடுக்குமாடியில் சங்கத்துக்கும் சொல்லிவிடுங்கள். வறுக்கும்போது மிளகாய் நெடி போனால் முதலில் புகார் வருவது பக்கத்து வீட்டிலிருந்துதான்.

3. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி, அளவு எவ்வளவு சிறியதானாலும் உணவு விற்பவர் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். "தெரிந்தவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் கொடுக்கிறேன்" என்பது விலக்கு இல்லை.

2011ஆம் ஆண்டு விதிமுறை வகுத்த பிரிவில், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அடிப்படைப் பதிவு, அதற்கு மேல் மாநில உரிமம் என்று இருந்தது. இப்போதுள்ள வரம்பைத் தளத்தில் பாருங்கள். விற்றுமுதல் என்பது வந்த மொத்தப் பணம், லாபம் அன்று. மாதம் ஒரு லட்சம் பெரிய தொகை போலத் தோன்றும். ஆனால் 120 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 30 சாப்பாடு, மாதம் 26 நாள் என்றாலே 93,600 ரூபாய் ஆகிவிடுகிறது. சாப்பாடு விற்பவர்களின் விற்றுமுதல் சீக்கிரம் ஏறிவிடும்.

பதிவு ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் நடக்கிறது. பதிவுக்கான படிவம் 'ஏ', உரிமத்துக்கானது 'பி'. பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றே விதிமுறையில் உள்ளது. வரம்பும் கட்டணமும் திருத்தப்படக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டும் தொகையையே கட்டுங்கள். கணினி பழக்கம் இல்லாதவர்கள் பொது சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். இதற்காக இடைத்தரகர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையே இல்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: புகைப்படம், அரசு அடையாள அட்டை, சமையல் நடக்கும் முகவரிக்கான சான்று, எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கும் கைபேசி எண், மின்னஞ்சல். தரகரின் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டால் புதுப்பிக்கும் நாளில் உங்கள் கணக்கில் நீங்களே நுழைய முடியாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

அடுத்து தொழில் வகை. செய்து விற்பவர் சிறு உற்பத்தியாளர். சாப்பாடு கொடுப்பவர் உணவுச் சேவைப் பிரிவில் வருவார். வீட்டு உணவகம், டப்பா சாப்பாடு என்பதற்கு அங்கே தனி வகை உண்டு. "சில்லறை விற்பனை" என்று மட்டும் தேர்வு செய்தால், பிறர் செய்ததை வாங்கி விற்பதற்கான பதிவுதான் கிடைக்கும். நீங்கள் அரைத்த பொடிக்கு அது செல்லாது. இரண்டும் செய்தால் இரண்டு வகையையும் சேருங்கள்.

விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தரலாம், காரணம் சொல்லி மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு உத்தரவிடலாம். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும். தளத்தில் உள்நுழைந்து நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கேள்வி ஒன்று கேட்டு அலுவலர் காத்திருப்பார், விண்ணப்பித்தவர் குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் "இன்னும் வரவில்லை" என்று காத்திருப்பார்.

கிடைக்கும் எண் 14 இலக்கம். பதிவு என்றால் 2இல் தொடங்கும், உரிமம் என்றால் 1இல். பதிவு ஆளுக்கு அன்று, இடத்துக்கு. அம்மா வீட்டில் ஊறுகாயும் உங்கள் வீட்டில் பொடியும் செய்தால் இரண்டு பதிவு வேண்டும். வீடு மாறினால் பழைய எண்ணைப் புது வீட்டில் பயன்படுத்த முடியாது. சான்றிதழை அச்சிட்டுச் சமையலறையில் தெரியும்படி மாட்டுங்கள். பில் போட்டால் அதிலும் இந்த எண் இருக்க வேண்டும்.

4. தராசு

பொட்டலத்தில் எடை போட்டு விற்கும்போது உணவுச் சட்டத்துடன் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது.

ஆன்லைனில் 300 ரூபாய்க்கு வரும் சமையலறைத் தராசு வணிகத்துக்கானது அன்று. அதில் முத்திரை போட மாட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட மின்னணுத் தராசு வாங்கி, முத்திரை ஆய்வாளரிடம் சரிபார்த்து முத்திரையிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வாங்கும்போதே விற்பனையாளரிடம் முத்திரைச் சான்றைக் கேளுங்கள்.

பொட்டலமிடுவோர் என்ற தனிப் பதிவும் உண்டு. பொட்டலப் பொருள் விதிகளில் 27ஆம் விதி இது. பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் கையில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதால் இது பெரும்பாலானோருக்கு விடுபட்டுப் போகிறது.

எடை போடும்போது காலிக் கவரை வைத்துப் பூஜ்ஜியமாக்கிய பின் பொருளை நிரப்புங்கள். 200 கிராம் என்று எழுதினால் கவரைத் தவிர்த்து 200 கிராம். பொடியில் இரண்டு கிராம் கூடுதலாகப் போடுங்கள். ஈரம் உலர்ந்து எடை குறைவது உண்டு.

5. கெடு சோதனை: குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள்

பெரும்பாலானோர் தாண்டிக் குதிக்கும் படி இது. கடையில் விற்கும் பொட்டலத்தில் "6 மாதம்" என்று இருப்பதைப் பார்த்துத் தாங்களும் 6 மாதம் என்று போட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் நைட்ரஜன் நிரப்பும் இயந்திரமும் ஆய்வகமும் இருக்கும், உங்களிடம் இருப்பது கைச் சீலர். உங்கள் பொருளுக்கு உங்கள் சமையலறை தரும் கெடுதான் உண்மையான கெடு.

செய்முறை இது. விற்கப்போகும் அதே கவரில், அதே எடையில், ஒரே தொகுதியிலிருந்து (ஒரே தடவையில் செய்ததிலிருந்து) 12 பொட்டலம் கட்டுங்கள். ஆறை மளிகை அலமாரியிலும், ஆறை ஃபிரிட்ஜின் மேல்புறம் போன்ற சூடான இடத்திலும் வையுங்கள். 7, 15, 30, 45, 60, 90 ஆகிய நாள்களில் இரண்டு இடத்திலிருந்தும் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். முதலில் முகருங்கள், பிறகு பாருங்கள், கடைசியில் சுவையுங்கள். கட்டி தட்டல், நிறம் வெளுத்தல், நமத்துப் போதல், சிக்கு வாடை, வண்டு ஆகியவற்றைத் தேதியுடன் எழுதுங்கள். சூடான இடத்தில் முதல் குறை தெரிந்த நாளுக்கு முன் எந்த நாள் நன்றாக இருந்ததோ, அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கெடுவாக வையுங்கள். 45ஆம் நாள் நன்றாக இருந்து 60ஆம் நாள் வாடை வந்தால், கெடு 30 நாள். வாங்கியவர் சமையலறை உங்களுடையதைவிட வெக்கையாக இருக்கலாம் என்பதற்காகவே இந்தக் குறைப்பு. சித்திரையில் செய்த சோதனை ஐப்பசிக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் ஒருமுறை மீண்டும் செய்யுங்கள்.

பொடி கெடுவதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: ஆறுவதற்கு முன் அடைத்தது. கை வைத்தால் சூடு தெரியாது, ஆனால் குவியலின் நடுவில் சூடு இருக்கும். அடைத்ததும் அது ஆவியாகிக் கவரின் உள்பக்கம் படிந்து, இரண்டு வாரத்தில் கட்டியாகிப் பூசணம் பூக்கும். அரைத்ததை அகலத் தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மெல்லிய துணி போட்டு மூடி, நன்றாக ஆறவிடுங்கள். உப்பையும் வெறும் சட்டியில் வறுத்துச் சேருங்கள், உப்பில் ஈரம் ஒளிந்திருக்கும். பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் மிளகாய் கருகும்போதும் பருப்பின் நடு பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சைதான் முதலில் வண்டு பிடிக்கும். நிலக்கடலையில் கறுத்தது, சுருங்கியது, பூத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியுங்கள். அவற்றில் இருக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் போகாது.

முறுக்கு வகைகளில் கெடுவைத் தீர்மானிப்பது எண்ணெய். நேற்றைய எண்ணெயில் புது எண்ணெய் ஊற்றிச் சுட்டால் முழுதும் நேற்றைய வயதாகிவிடும். எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு எளிய வழி, விற்பனைக்கான பொருளை எப்போதும் புது எண்ணெயில் சுடுவதுதான். நுரை அடங்காமல் நின்றாலோ, நிறம் கறுத்தாலோ, புகை சீக்கிரம் வந்தாலோ அந்த எண்ணெயோடு நிறுத்துங்கள்.

ஊறுகாயில் துண்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே தலைகாட்டும் துண்டில்தான் முதல் பூசணம் வரும். எண்ணெய் ஊறுகாயில் எண்ணெயை வடித்தபின் மிஞ்சும் காய்ப் பகுதி 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் தர விதி இருப்பதால், எண்ணெயை அளவின்றி ஊற்றியும் ஏமாற்ற முடியாது. கண்ணாடிப் பாட்டிலைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு, வெயிலிலோ அடுப்பு வெப்பத்திலோ முழுக்க உலர்த்துங்கள். துணியால் துடைத்து உலர்த்தினால், துணியிலுள்ளதைப் பாட்டிலுக்குள் மாற்றியதுதான் மிச்சம்.

மாவுக்குப் புளிப்பு தொடங்கும் முன்பே ஃபிரிட்ஜ். 5 டிகிரிக்குக் கீழே வைத்து, கவரில் கால் பங்கு இடம் விட்டு அடையுங்கள். நிறையக் கட்டினால் வழியிலேயே ஊதி வெடிக்கும். மூன்று நாளுக்கு மேல் கெடு எழுத வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஒரே விதி: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே அதிக நேரம் இருக்கக் கூடாது. சோறுதான் எல்லோரும் அசட்டையாக விடும் பொருள். அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாக நிற்கும் நேரத்தில் அவை பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. காலை 8 மணிக்கு வடித்து மதியம் ஒரு மணிக்குக் கொடுப்பவர்கள் வடிக்கும் நேரத்தை 11க்கு மாற்றுங்கள். 500 ரூபாய்க்குக் கிடைக்கும் குத்து வெப்பமானி இந்தத் தொழிலுக்கு லோகோவைவிடப் பயனுள்ளது.

வீட்டுச் சோதனையில் தேறிய பொருளை ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தேசிய அங்கீகாரம் பெற்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பட்டியலில் உள்ள தனியார் கூடங்கள் பெரிய ஊர்களில் உண்டு. பொடிக்கு ஈரப்பதமும் பூசண எண்ணிக்கையும், கடலை சேர்ந்ததற்கு அஃப்ளாடாக்சினும் கேளுங்கள். "முழுச் சோதனை" என்று சொல்லிப் பெரிய தொகை கொடுக்க வேண்டியதில்லை.

6. பொட்டலம்

செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதும் வைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. முறுக்கின் எண்ணெயை ஒற்றியெடுக்கவும் செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை எண்ணெயில் கரையும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள், உணவு கட்டும் தாள்கள், பூச்சு பூசிய கோப்பைகள் ஆகியவற்றுக்குத் தடை உள்ளது. சாப்பாடு கட்டுபவர்கள் வாழை இலை, பாக்குமட்டை, அல்லது திருப்பித் தரும் ஸ்டீல் டப்பாவுக்கு மாறுவது நல்லது.

பொடிக்கும் பலகாரத்துக்கும் உணவுத் தரச் சான்றுள்ள பல அடுக்குக் கவர். மெல்லிய ஒற்றை அடுக்குக் கவர் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஈரத்தை உள்ளே விடும். சீல் போட்டதும் கவரைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் சீலரின் சூட்டைக் கூட்டுங்கள். சீல் கோட்டில் பொடித்தூள் ஒட்டியிருப்பதுதான் பெரும்பாலான ஓட்டைக்குக் காரணம். புனல் வைத்து நிரப்பி, வாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அடையுங்கள்.

7. லேபிள்: இப்போதுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும்

தமிழில் மட்டும் லேபிள் அச்சடிப்பது தவறாகிவிடும். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தே ஆக வேண்டும். தமிழைக் கூடச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். வாங்குபவர் படிப்பது அதைத்தான்.

பொருளின் பெயர். அழகுப் பெயர் எதுவானாலும், அது என்ன பொருள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். "பாட்டி ரகசியம்" என்றால் போதாது, "பருப்புப் பொடி" என்று இருக்க வேண்டும்.

சேர்மானம், சேர்க்கும்போதுள்ள எடைப்படி அதிகத்திலிருந்து குறைவுக்கு. 600 கிராம் துவரம் பருப்பு, 200 கடலைப் பருப்பு, 60 மிளகாய், 50 உப்பு, 20 மிளகு, 15 சீரகம், 10 பெருங்காயம் என்று போட்டால் அதே வரிசையில் எழுதுங்கள். "மசாலாப் பொருள்கள்" என்று மொத்தமாக மூடி வைக்க வேண்டாம்.

ஒவ்வாமை எச்சரிக்கை. பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, நிலக்கடலையும் முந்திரி போன்ற கொட்டைகளும், சோயா, பசைப்புரதம் (குளூட்டன்) உள்ள கோதுமை போன்ற தானியங்கள், ஓரளவுக்கு மேல் சல்ஃபைட். இதில் கவனிக்காமல் விடப்படுவது பெருங்காயம். கடையில் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்புறத்தைப் படித்து, இருந்தால் "கோதுமை உள்ளது" என்று எழுத வேண்டும். நெய்யும் மோர் மிளகாயும் பாலில் அடங்கும். ஒரு குழந்தையின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கலாம்.

சைவக் குறி பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவக் குறி இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய பழுப்பு வட்டத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடுபவர்கள் இன்னும் உண்டு. கருவாட்டுத் தொக்கு, முட்டை சேர்ந்த கேக் எல்லாம் அசைவம்.

நிகர எடை. கிராமுக்குச் சிறிய ஆங்கில எழுத்து 'ஜி' ஒன்று மட்டும். "ஜிஎம்எஸ்" என்று எழுதுவது எடையளவு விதிப்படி பிழை. இந்தச் சின்னப் பிழைக்கே அபராதம் போடுவது உண்டு.

தயாரித்த தேதி அல்லது பொட்டலமிட்ட தேதி, கெடு தேதி இரண்டும் கட்டாயம். 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைக்குப் பிறகு "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது விருப்பம்தான். அதை மட்டும் போட்டால் போதாது. தேதிகளுக்கும் தொகுதி எண்ணுக்கும் லேபிளில் வெற்றிடம் விட்டு அச்சடித்து, அழியாத மை முத்திரையால் அன்றன்று குத்துங்கள். பால்பென்னால் எழுதினால் எண்ணெய்க் கை பட்டதும் அழியும்.

இவை தவிர: ஊட்டச்சத்து விவரம் 100 கிராமுக்கு, தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் 14 இலக்க எண்ணும், எல்லா வரியும் உள்ளிட்ட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கான விலை, புகாருக்கான தொலைபேசி மற்றும் மின்னஞ்சல், வைக்கும் முறை. முகவரி பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

எழுதக் கூடாதவை: "சர்க்கரை நோயைக் குணமாக்கும்", "மூட்டுவலி தீரும்" போன்ற எதுவும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க உணவுச் சட்டத்தில் இடமுண்டு. லேபிளில் இல்லாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் அது விளம்பரமே.

முதல் அச்சு 100க்கு மேல் வேண்டாம். எவ்வளவு பார்த்தாலும் முதல் அச்சில் ஒரு பிழை இருக்கும்.

8. விலை

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 5 கிலோ மூலப்பொருளுக்கு 1,150 ரூபாய், வணிக எரிவாயு 60, மின்சாரம் 40. வறுத்து, அரைத்து, சலித்தபின் 4.7 கிலோதான் மிஞ்சுகிறது என்றால் 200 கிராம் பொட்டலம் 23. கவரும் லேபிளும் ஒன்றுக்கு 8 ரூபாய் வீதம் 184. உங்கள் வேலை 6 மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் வீதம் 480. மொத்தம் 1,914. ஒரு பொட்டலத்துக்கு ஏறக்குறைய 83. மாதிரிக்கும் சேதத்துக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 87.

கடைக்காரர் 20 சதவீதம் கேட்டால் 120 ரூபாய் விலையில் உங்களுக்கு வருவது 96, மிஞ்சுவது 9 ரூபாய். 100 ரூபாய் என்று தொடங்கியவர்களால் கடைக்குள் நுழையவே முடியாது, நுழைந்தால் நட்டம். 120க்கு விற்றால் ஒரு கிராமுக்கான விலை 0.60 ரூபாய் என்று லேபிளில் வரும். தங்கள் உழைப்பை எழுதாமல் விட்டு "நல்ல லாபம்" என்று நம்பும் பெண்கள் ஏராளம். அந்த 480 ரூபாயை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்.

9. எங்கே விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஜி.எஸ்.டி.

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரையிலும், சாப்பாடு போன்ற சேவைக்கு 20 லட்சம் வரையிலும் பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு வேண்டும். பெங்களூரில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் கூரியரில் போகும் ஒரு கிலோ பொடி இந்த வலைக்குள் வருகிறது. வெளிமாநில ஆர்டர் தொடர்ந்து வருமென்றால் முதலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

இணைய விற்பனைத் தளங்களில் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் தளர்வு உண்டு. வரம்புக்குள் இருந்தால் முழுப் பதிவுக்குப் பதில் ஜி.எஸ்.டி. தளத்தில் சேர்க்கை எண் ஒன்று வாங்கினால் போதும். ஸ்விகி, சொமேட்டோ வழியாகப் போகும் சாப்பாட்டுக்கு 2022 ஜனவரி முதல் அந்தச் செயலிகளே வரி கட்டுகின்றன.

வெளிநாட்டுக்கு வணிகமாக அனுப்புவது ஏற்றுமதி. அதற்கு மத்திய உரிமமும் ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் தேவை. சிங்கப்பூர் உறவினருக்கு அன்பாகக் கொடுத்தனுப்புவதும், அங்கிருந்து பணம் வாங்கிக்கொண்டு மாதம் 20 கிலோ அனுப்புவதும் ஒன்றல்ல.

10. ஒரு நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி: தேதி, தொகுதி எண், மூலப்பொருள் வாங்கிய கடையும் பில் எண்ணும், போட்ட எடை, கிடைத்த எடை, பொட்டல எண்ணிக்கை, யார் யாருக்குப் போனது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பொட்டலத்தைக் கெடு தேதி தாண்டும் வரை எடுத்து வையுங்கள்.

புகார் வந்தால் இந்த நோட்டும் அந்தப் பொட்டலமும்தான் துணை. முதலில் எடுத்து வைத்த மாதிரியைப் பிரித்துப் பாருங்கள். அதிலும் குறை இருந்தால் தொகுதி முழுவதிலும் குறை. அன்றே வாங்கியவர்கள் எல்லோரையும் அழைத்து, உண்ண வேண்டாம் என்று சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மாதிரி நன்றாக இருந்தால் அந்தப் பொட்டலத்தின் சீலையும், வைத்திருந்த இடத்தையும் கேட்டுப் பாருங்கள். ஈரக் கரண்டி போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அடுத்த அச்சில் "உலர்ந்த கரண்டியைப் பயன்படுத்தவும்" என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று தேதியை எழுதி வையுங்கள்: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழில் புதுப்பிக்கச் சொல்லியிருக்கும் தேதி, தராசு முத்திரை முடியும் தேதி, மருத்துவச் சான்று முடியும் தேதி. மூன்றுக்கும் இரண்டு மாதம் முன்னதாகவே கைபேசியில் அலாரம் வையுங்கள். பதிவு காலாவதியான எண்ணுடன் விற்பது பதிவே இல்லாமல் விற்பதற்குச் சமம், வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் லேபிளும் அன்றே செல்லாததாகிவிடும்.